திரைப்பிடிப்புகளும் கையேட்டின் தெளிவும்

புதியதொரு வேலையைக் கற்பிக்கும் கையேட்டில் படம் அலங்காரத்திற்காக இடம் பெறுவதன்று. படிப்பவர் அதைப் பார்த்து, அதில் உள்ளவாறே தம் கையால் செய்தல் வேண்டும் என்பதற்காகவே அது சேர்க்கப்படுகிறது. களப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் இன்று தயாரிக்கப்படும் கையேடுகள் பல, கணினியிலோ கைப்பேசியிலோ செய்ய வேண்டிய பதிவுகளைப் பற்றியவை. அங்கன்வாடிகளில் போஷண் டிராக்கர் என்னும் செயலி 2021ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்தது. பள்ளிகளின் விவரங்கள் யூடைஸ் பிளஸ் இணையத்தளத்தில் பதியப்படுகின்றன. இத்தகைய பணிகளை விளக்கும் ஏடுகளில் பக்கத்துக்குப் பக்கம் காணப்படுவது, ஸ்கிரீன்ஷாட் என்று பொதுவாக வழங்கப்பெறும் திரைப்பிடிப்பு ஆகும். அதாவது, திரையில் தோன்றுவதை அப்படியே கோப்பாகப் பதிந்துகொண்ட படம்.

இப்படங்கள் கையேட்டை வந்தடையும்போது பெரும்பாலும் மங்கியிருக்கின்றன என்பது இவற்றைக் கையாள்வோர் அறிந்ததே. அதனால் நேரும் இடர் சிறிதன்று. வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எப்.எஸ்.சி. குறியீடு 11 எழுத்துகளைக் கொண்டது. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள். ஐந்தாவது எப்போதும் பூச்சியம். எஞ்சிய ஆறும் கிளையைக் குறிப்பன. மங்கிய படத்தில் அந்தப் பூச்சியம் ஆங்கில ‘ஓ’ எழுத்தைப் போலவே தோன்றும். படத்தைப் பார்த்துப் பயின்றவர் ‘ஓ’ என்றே அடிப்பாராயின் பதிவு ஏற்கப்படாது. உதவித்தொகைக்குக் காத்திருப்பவர் மேலும் காத்திருக்க நேரும். 3, 8 என்னும் எண்களும், இரண்டு சுழி னகரமும் மூன்று சுழி ணகரமும் இவ்வாறே ஒன்றோடொன்று மயங்கும். சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் தலைப்புள்ளிக்குத் திரையில் கிடைப்பது ஒன்றிரண்டு படப்புள்ளிகளே. ஆதலின் மங்கலில் முதலில் மறைவது அதுவே.

எனவே திரைப்பிடிப்பு எவ்வாறு அமைகிறது, அது எங்கெங்கே கெடுகிறது, கெடாமற் காப்பது எவ்வாறு என்பவற்றை அறிந்திருத்தல் கையேடு தயாரிப்போர்க்கு இன்றியமையாதது.

புள்ளிகளாலான படம்

கணினித் திரையும் கைப்பேசித் திரையும் பிக்சல் எனப்படும் நுண்ணிய படப்புள்ளிகளால் ஆனவை. 1366 × 768 என்று குறிக்கப்படும் திரையில், வரிசைக்கு 1366 புள்ளிகளாக 768 வரிசைகள் உள்ளன. திரைப்பிடிப்பு எடுக்கும்போது ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எண்ணாக மாற்றப்பட்டுக் கோப்பில் எழுதப்படுகிறது. ஒளிப்படத்தில் நேரும் கை நடுக்கமோ, குவியப் பிழையோ, ஒளிக் குறைவோ இங்கு இல்லை. ஆகவே எடுத்த கணத்தில் ஒவ்வொரு திரைப்பிடிப்பும் முழுத் தெளிவுடையதே. மங்கல் பின்னர் வந்து சேர்வதாகும். எடுத்தபின் செய்யப்படும் எச்செயலும் அத்தெளிவைக் கூட்ட இயலாது. காக்கலாம், அல்லது இழக்கலாம். இவ்வொரு கருத்தை மனத்தில் கொண்டால், பின்வரும் விதிகள் அனைத்தும் தாமே விளங்கும்.

வரிசைக்குப் பதினொரு புள்ளி வைத்துப் போட்ட கோலத்தை எட்டுப் புள்ளிக்குள் அடக்க முயல்வதாகக் கொள்வோம். பழைய புள்ளி புதிய புள்ளியின்மேல் பொருந்தாது. இரண்டு புள்ளிகளுக்கு இடையே விழும். கணினி அப்போது அருகிலுள்ள நிறங்களைக் கலந்து, இடைப்பட்ட ஒரு நிறத்தைப் புதிய புள்ளிக்கு அளிக்கும். கருமையான எழுத்தின் ஓரமும் வெண்மையான தரையும் கலந்து சாம்பல் நிறமாகின்றன. ஒரே புள்ளி அகலமுள்ள மெல்லிய கோடு மறைந்தே போகலாம். படத்தைப் பெரிதாக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. இல்லாத புள்ளிகளைக் கணினி ஊகித்து நிரப்புவதால் எழுத்து பருக்குமேயன்றித் தெளிவுறாது.

சிலர் கணினித் திரையைக் கைப்பேசியால் ஒளிப்படம் எடுத்துக் கையேட்டில் சேர்க்கின்றனர். இது தவிர்க்கத்தக்கது. திரையின் புள்ளிகளும் கைப்பேசி ஒளியுணரியின் புள்ளிகளும் இருவேறு வலைகள். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து நோக்கினால் அலையலையான கோடுகள் தோன்றுமன்றோ? அத்தகைய கோடுகள் இப்படங்களிலும் தோன்றி எழுத்தை மறைக்கும். திரையிலுள்ளதைத் தாளில் பெறுவதற்கென்றே 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் விசைப்பலகையில் ஒரு விசை அமைக்கப்பட்டிருந்தது. இன்றும் அவ்வசதி எல்லாக் கணினிகளிலும் உண்டு.

எடுக்கும் முறை

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்து அழுத்தினால், முழுத்திரையும் படங்களுக்குரிய கோப்புறையில் கோப்பாகச் சேமிக்கப்படும். ஆல்ட் விசையுடன் பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தினால், அப்போது பயன்பாட்டில் உள்ள சாளரம் மட்டும் நகலெடுக்கப்படும். அதை வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். விண்டோஸ், ஷிப்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், வேண்டிய பகுதியை மட்டும் வரைந்து தேர்ந்தெடுக்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் மின்விசையையும் ஒலி குறைக்கும் விசையையும் ஒருங்கே அழுத்துதல் போதும்.

ஆயினும் விசையை அழுத்துமுன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அச்சிட்ட தாளில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும் என்பதே அது.

தாளின் கணக்கு

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இருபுறமும் 25 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் படத்துக்குக் கிடைப்பது 160 மில்லிமீட்டர். 1920 புள்ளி அகலமுள்ள முழுத்திரைப் படம் ஒன்று அவ்விடத்தில் வைக்கப்படுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. திரையில் 12 புள்ளி உயரமுள்ள எழுத்து தாளில் ஒரு மில்லிமீட்டர் உயரமே பெறும். புள்ளிகள் யாவும் குறைவின்றி இருந்தும், அதைக் கண்ணால் படித்தல் அரிது. படம் மங்கியதாகக் கூறப்படும் இடங்களில் பலவற்றில் உண்மைக் குறை இதுவே: எழுத்து சிறுத்துவிட்டது.

முழுத்திரைக்குப் பதிலாக, விளக்கத்துக்கு வேண்டிய 600 புள்ளி அகலப் பகுதியை மட்டும் எடுத்து அதே 160 மில்லிமீட்டரில் வைத்தால், அவ்வெழுத்து ஏறக்குறைய 3.2 மில்லிமீட்டர் உயரம் பெறும். இது அச்சு அளவில் 9 பாயிண்டு, எளிதில் படிக்கத்தக்கது. ஆகவே முதல் விதி, வேண்டிய பகுதியை மட்டும் எடுத்தல். ஒரு பொத்தானை விளக்குவதற்குத் திரை முழுவதையும் காட்ட வேண்டுவதில்லை. தொடக்கத்தில் ஒருமுறை முழுத்திரையைக் காட்டி, அப்பகுதி எங்குள்ளது என்பதை உணர்த்திவிட்டு, பின்னர் பகுதிகளை மட்டும் காட்டிச் செல்லுதல் நன்று.

இம்முறையில் ஒரு குறை எஞ்சியுள்ளது. 600 புள்ளிகள் 160 மில்லிமீட்டரில் பரவினால், அங்குலத்துக்குச் சுமார் 95 புள்ளிகளே அமையும். திரைக்கு அது போதுமானது. அச்சில் எழுத்தின் ஓரங்கள் படிக்கட்டுப் போலத் தோன்றும். இதை நீக்கும் வழி எளியது. எடுப்பதற்கு முன்னரே திரையில் காட்சியைப் பெரிதாக்குதல் வேண்டும். இணைய உலாவியில் கண்ட்ரோல் விசையுடன் கூட்டல் விசையை அழுத்தி 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம். பிற மென்பொருள்களுக்குக் கணினியின் திரை அமைப்புகளில் காட்சி அளவைக் கூட்டலாம். அப்போது கணினி பழைய புள்ளிகளை இழுத்துப் பெருக்குவதில்லை. எழுத்தை அதன் வடிவிலிருந்து புதிதாக, மிகுந்த புள்ளிகளைக் கொண்டு வரைகிறது. முன்பு 600 புள்ளிகளில் அடங்கிய பகுதி இப்போது 1200 புள்ளிகளைக் கொள்ளும். தாளில் எழுத்தின் அளவு மாறாது. ஆனால் அதே பரப்பில் நான்கு மடங்கு புள்ளிகள் அமைவதால் ஓரங்கள் சீராகும். எடுத்தபின் பெரிதாக்குவதற்கும் எடுக்குமுன் பெரிதாக்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கைப்பேசித் திரையில் புள்ளிகள் இயல்பாகவே நெருங்கியுள்ளன. 1080 புள்ளி அகலமுள்ள கைப்பேசிப் படத்தைத் தாளில் 60 மில்லிமீட்டர் அகலத்தில் வைத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 457 புள்ளிகள் கிடைக்கும். அத்தகைய இரண்டு படங்களை ஒரு பக்கத்தில் அருகருகே வைக்கலாம். நான்கினை ஒரே வரிசையில் நெருக்குதல் தகாது.

‘அங்குலத்துக்கு 300 புள்ளி’ என்று கோப்பில் எண்ணை மட்டும் மாற்றி எழுதும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. அவ்வாறு மாற்றுவதால் படத்தில் ஒரு புள்ளியும் கூடுவதில்லை. அது தாளில் எந்த அளவில் வைக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே.

எந்த வகைக் கோப்பு?

படத்தைச் சேமிக்கும் முறைகளுள் ஜேபெக், பி.என்.ஜி. என்னும் இரண்டும் பெருவழக்கில் உள்ளன. இவற்றின் வேறுபாட்டை அறிதல் வேண்டும்.

ஜேபெக் முறை 1992இல் தரப்படுத்தப்பெற்றது. இதற்கு அடிப்படையான கணித முறையைப் பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது 1972இல் கருதினார், நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் ஆய்வுரையாக வெளியிட்டார். ஜேபெக்கில் படம் எட்டுக்கு எட்டு, அதாவது 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நிற மாற்றங்கள் மெதுவானவை, விரைவானவை என்று அலைகளாகப் பகுக்கப்படுகின்றன. விரைவான நுண்மாற்றங்களைக் கண் அவ்வளவாக உணர்வதில்லை. ஆதலின் அவை பெருமளவில் விடப்பட்டுக் கோப்பு சிறிதாக்கப்படுகிறது. நிற விவரங்களும் பெரும்பாலும் பாதி அகலத்திலும் பாதி உயரத்திலுமே வைக்கப்படுகின்றன. மலைக்காட்சி, முகம், பயிர் நிலம் போன்றவற்றின் ஒளிப்படங்களுக்கு இம்முறை மிகப் பொருத்தமானது.

எழுத்தின் நிலை வேறு. வெண்மையிலிருந்து கருமைக்கு ஒரே புள்ளியில் தாவுவதே எழுத்தின் இயல்பு. அஃது அனைத்தினும் விரைவான மாற்றம். அதை விட்டுவிட்டால் எழுத்தைச் சூழ்ந்து அழுக்குப் போன்ற நிழல் படரும். சிவப்பு எழுத்தும் நீல எழுத்தும் மேலும் கெடும். ஜேபெக் கோப்பைத் திறந்து திருத்தி மீண்டும் மீண்டும் சேமிக்கும்போது, குறை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்.

1996இல் வெளியிடப்பெற்ற பி.என்.ஜி. முறை எதையும் விடுவதில்லை. ஒரே நிறம் தொடர்ந்து வரும் இடங்களைச் சுருக்கமாக எழுதிக் கொள்வதால் கோப்பின் அளவு குறைகிறது. திறக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் முன்போலவே மீள்கிறது. படிவங்களைக் காட்டும் திரையில் வெண்பரப்பே மிகுதி. ஆகையால் அத்தகைய படங்களில் பி.என்.ஜி. கோப்பு ஜேபெக் கோப்பினும் சிறியதாக அமைதலும் உண்டு. திரைப்பிடிப்புக்கு உரியது பி.என்.ஜி. முறையே. சில கைப்பேசிகள் திரைப்பிடிப்பை ஜேபெக்காகவே சேமிக்கின்றன. அமைப்புகளில் மாற்றும் வசதி இருப்பின் மாற்றிக்கொள்ளுதல் நலம். ஒருமுறை ஜேபெக்காகிக் கெட்ட படத்தைப் பின்னர் பி.என்.ஜி.யாக மாற்றுவதால், இழந்தது மீளாது.

வழியில் நேரும் இழப்பு

நன்கு எடுத்து, நன்கு சேமித்த படமும் கையேட்டை அடையுமுன் கெடுதல் உண்டு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டே போய்ச் சேரும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு மாறாமற் சேரும்.

மைக்ரோசாப்ட் வேர்டு மென்பொருள், கோப்பைச் சேமிக்கும்போது அதிலுள்ள படங்களைத் தானே சுருக்கும் இயல்புடையது. அங்குலத்துக்கு 220 புள்ளி என்ற அளவு அதன் பதிப்புகள் பலவற்றில் காணப்படுவது. 160 மில்லிமீட்டர் அகலத்தில் வைத்த 1920 புள்ளிப் படம் இதனால் ஏறக்குறைய 1386 புள்ளியாகக் குறைந்துவிடும். விருப்பங்களில், மேம்பட்டவை என்னும் பகுதியில், படங்களைச் சுருக்க வேண்டா என்ற தெரிவு உள்ளது. படங்களை ஒட்டுவதற்கு முன்பே அதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். லிபரே ஆபீஸில் பி.டி.எப். கோப்பாக மாற்றும்போது ஜேபெக் சுருக்கமே முதலில் தெரிவு செய்யப்பட்டிருக்கும். அதை நீக்கி, இழப்பற்ற சுருக்கம் என்பதைத் தேர்தல் வேண்டும்.

மேலும், படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்து அளவை மாற்றும்போது, அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் மாறுமாறு மூலையைப் பிடித்தே இழுக்க வேண்டும். ஒரே பணியைக் காட்டும் படங்கள் யாவும் ஒரே விகிதத்தில் அமைந்தால், படிப்பவரின் கண் தடுமாறாது.

கருப்பு வெள்ளை நகலுக்கு ஏற்ற குறிகள்

கையேடு வண்ணத்தில் தயாரிக்கப்பட்டாலும், அது பரவுவது பெரும்பாலும் கருப்பு வெள்ளை ஜெராக்ஸ் நகலாகவே. ஆசிரியரின் கைக்கு வருவது நகலின் நகலாகவும் இருக்கலாம். எனவே ‘சிவப்புக் கட்டத்தில் உள்ளதை அழுத்துக’ என்று எழுதுதல் பயன்படாது. நகலில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகும். தடித்த கோட்டால் கட்டமிட்டு, அருகில் 1, 2, 3 என்று எண்ணிட்டு, அவ்வெண்களையே விளக்கத்தில் குறிப்பிடுதல் வேண்டும். எண் எழுத்தின்மேல் விழாமல் வெற்றிடத்தில் அமைய வேண்டும்.

திரையில் கரிய பின்னணி வைத்திருப்போர், படம் எடுக்குமுன் வெண் பின்னணிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கரிய பரப்பு அச்சில் மையை விழுங்குவதோடு, வெள்ளை எழுத்தையும் அடைத்துவிடும். அச்சுப்பொறியில் சாம்பல் நிற மை இல்லை. சாம்பல் நிறத்தைச் சிறு கரும்புள்ளிகளாகத் தூவியே அது காட்டுகிறது. ஆதலின் வெளிர் சாம்பல் எழுத்து நகலில் சிதறிப் போகும். அத்தகைய எழுத்து முக்கியமானதாயின், அதைக் கையேட்டின் சொற்களிலேயே மீண்டும் எழுதிக் காட்டுதல் நன்று. அழுத்த வேண்டிய பொத்தானின் பெயரை எப்போதும் எழுத்தாலும் குறிப்பிட வேண்டும். பார்வையற்ற ஆசிரியருக்குத் திரை வாசிப்பான் மென்பொருள் படித்துக் காட்டுவது இவ்வெழுத்தையே. விவரக் குறிப்பு இணைக்கப்படாத படம் அவருக்கு வெற்றிடமே.

பிறர் விவரங்களைக் காத்தல்

தெளிவான படத்துக்கு ஒரு பொறுப்பும் உண்டு. எழுத்து தெளிவுறும்போது, அதில் உள்ள ஒருவரது பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு, குழந்தையின் எடை ஆகியனவும் தெளிவாகவே தெரியும். கையேடு நூறு கைகளுக்குச் செல்வது. தனிநபரின் தரவுகளைக் காப்பதற்கென 2023இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியுள்ளது. உண்மையான பயனாளியின் பதிவைத் திறந்து படம் எடுத்தலைத் தவிர்த்து, பயிற்சிக்கென அமைந்த தளம் இருப்பின் அதில் மாதிரி விவரங்களை இட்டு எடுத்தலே சிறந்தது.

மறைக்க நேர்ந்தால், முழுக் கருமையான கட்டத்தால் மறைத்து, அப்படத்தையே புதிய கோப்பாகச் சேமித்தல் வேண்டும். வேர்டு ஆவணத்தில் படத்தின்மேல் கட்டத்தை வைத்தால் மட்டும் போதாது. எவரும் அதை நகர்த்தி அடியிலுள்ளதைக் காணலாம். கலங்கலாக்கி மறைத்தலும் நம்பத்தக்கதன்று. எண்கள் பத்தே வடிவங்களாதலால், கலங்கலிலிருந்து அவற்றை ஊகித்தறிதல் சில வேளைகளில் கூடும். வேர்டில் வெட்டி நீக்கிய பகுதியும், வெட்டியவற்றை அழிக்கும் தெரிவைப் பயன்படுத்தாதவரை, கோப்பினுள் மறைந்தே இருக்கும். 2023ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான ஒரு செய்தி இங்குக் கருதத்தக்கது. கூகிள் பிக்சல் கைப்பேசிகளிலும் விண்டோஸ் கணினிகளிலும் இருந்த படம் வெட்டும் கருவிகள், பழைய கோப்பின்மேல் புதியதை எழுதும்போது, பழையதன் எஞ்சிய பகுதியை அழிக்காமலே விட்டிருந்தன. வெட்டப்பட்டதாகக் கருதிய பகுதியைச் சிலர் மீட்டுக் காட்டினர். அக்குறை பின்னர் திருத்தப்பட்டது. ஆயினும் அதற்கு முன் வெட்டி அனுப்பிய படங்கள் அனுப்பியவாறே உள்ளன.

இறுதிச் சோதனை

கையேடு முடிவுற்றதும் திரையில் பார்த்து மனநிறைவு கொள்ளுதல் போதாது. ஒரு பக்கத்தை அச்சிட்டு, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்நகலை மீண்டும் ஒருமுறை நகலெடுக்க வேண்டும். அவ்வேலையை அறியாத ஒருவரிடம் அத்தாளைக் கொடுத்து, படத்திலுள்ள எண்களையும் பொத்தான்களின் பெயர்களையும் உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் தடையின்றிப் படித்தால் படம் தேறிற்று. தடைப்பட்ட இடத்தில், படத்தைத் திருத்த முயல்வதை விட்டு, காட்சியைப் பெரிதாக்கிப் புதிதாக எடுப்பதே குறுக்கு வழி.

எடுத்த மூலக் கோப்புகளைத் தொடாமல், பக்க எண்ணையும் தேதியையும் பெயராக இட்டுத் தனிக் கோப்புறையில் வைத்தல் வேண்டும். செயலிகளின் தோற்றம் அடிக்கடி மாறும். அவ்வாறு மாறும்போது எந்தப் படத்தை மாற்ற வேண்டும் என்பதை அக்கோப்புறை உடனே காட்டும்.

இவற்றுக்கு விலை மிகுந்த கருவி எதுவும் தேவையில்லை; ஒரு படத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே. அலுவலகத்திலிருந்து தொலைவிலுள்ள ஊரில், கேட்டுத் தெளிய அருகில் எவரும் இல்லாத நிலையில், கையேட்டை நம்பிப் பதிவு செய்யும் பணியாளருக்கு அந்நிமிடங்கள் பெருந்துணையாகும்.